ஓசையின்றி வளரும் வீக்கம்: வயிற்றுப் பெருந்தமனி நோயும் ஆய்வுகள் காட்டும் வழியும்

(விழா உரையின் எழுத்து வடிவம்)



அன்னம், அபயம், ஔடதம், சாத்திரம் என்னும் நால்வகைத் தானங்களைச் சமண நெறி போற்றுகின்றது. மயிலாப்பூரில் பிறந்த ஆராய்ச்சிப் பேரறிஞர் மயிலை சீனி. வேங்கடசாமி, 'சமணமும் தமிழும்' என்னும் தம் நூலில் இத்தானங்களைப் பற்றி விரிவாக எழுதியுள்ளார். மருந்தின் பெயரையே நீதிநூலுக்கு இட்டவர்களுள் சமணப் புலவர்களும் உண்டு. கணிமேதாவியார் ஏலாதியையும் காரியாசான் சிறுபஞ்சமூலத்தையும் யாத்தனர். உடல்நோய்க்கு மருந்து எவ்வளவு இன்றியமையாததோ, அவ்வளவு இன்றியமையாதது உயிர்க்கு அறம் என்பது அவர்கள் கருத்து. நோயைப் பற்றிய சரியான செய்தியைப் பிறர்க்கு எடுத்துரைத்தல், ஔடத தானமும் சாத்திர தானமும் ஒருங்கே அமைந்த செயலாகும். அந்த எண்ணத்தோடு, பலரும் பெயர் கேட்டறியாத ஒரு நோயைப் பற்றிய ஆய்வுகள் இங்கே எடுத்துரைக்கப்படுகின்றன.

நோயின் இயல்பு

இதயத்திலிருந்து உடலுக்குச் செல்லும் குருதியை ஏந்திச் செல்லும் முதன்மைக் குழாய் பெருந்தமனி ஆகும். மருத்துவர்கள் இதனை அயோர்ட்டா என்பர். இது மார்பில் வளைந்து, முதுகெலும்பை ஒட்டி வயிற்றினுள் இறங்கி, கொப்பூழ் மட்டத்தில் இரண்டாகப் பிரிந்து கால்களை நோக்கிச் செல்கின்றது. வயிற்றுப் பகுதியில் இதன் குறுக்களவு ஏறத்தாழ 2 சென்டிமீட்டர். அக்குழாயின் சுவர் நெகிழ்ந்து, குறுக்களவு 3 சென்டிமீட்டரை எட்டினால், அதனை வயிற்றுப் பெருந்தமனி வீக்கம் என்று கூறுவர். ஆங்கில மருத்துவத்தில் அதன் பெயர் அன்யூரிசம்.

குழாயின் சுவருக்கு நெகிழ்வையும் உறுதியையும் தருகின்ற இழைகள் நாளடைவில் சிதைவதே இந்நோயின் அடிப்படை. பழைய இரப்பர்க் குழாயில் ஓரிடம் தளர்ந்து புடைப்பதைப் போன்றது இது. புடைப்பு அகல அகலச் சுவரின் மீதுள்ள இழுவிசையும் மிகும். இழுவிசை மிக மிகப் புடைப்பு மேலும் அகலும். இவ்வாறு நோய் தன்னைத் தானே வளர்த்துக்கொள்கின்றது.

இதன் கொடுமை யாதெனில், வளரும் காலமெல்லாம் பெரும்பாலும் எந்த அறிகுறியையும் இது காட்டுவதில்லை. பசி குறையாது, உறக்கம் கெடாது, நடை தளராது. சிலர் மட்டும் படுத்திருக்கும்போது வயிற்றில் நாடித்துடிப்பு ஒன்றை உணர்வர். சுவர் கிழிந்த பின்னரே பலர்க்கு நோய் தெரியவருகின்றது. அப்பொழுது வயிற்றிலோ முதுகிலோ திடீரெனக் கடும் வலி தோன்றும், வியர்வை பெருகும், மயக்கம் வரும். சிறுநீரகக் கல்லின் வலியென்று இதனைத் தவறாகக் கருதிக் காலம் கடத்துவதும் உண்டு. கிழிந்த பின் பிழைப்போர் மிகச் சிலரே. மருத்துவமனையை அடையுமுன் உயிரிழப்போரையும் சேர்த்துக் கணக்கிட்டால், ஐவரில் நால்வர் வரை மாண்டுபோகின்றனர்.

பேரறிஞர் ஒருவரின் வரலாறு

அறிவியல் அறிஞர் ஆல்பர்ட் ஐன்ஸ்டைனின் உயிரைக் கவர்ந்தது இந்நோயே. 1948 டிசம்பரில் நியூயார்க் நகரில் ருடால்ஃப் நிசன் என்னும் அறுவை மருத்துவர் அவரது வயிற்றைத் திறந்து பார்த்தபோது, பெருந்தமனி பெரிதாகப் புடைத்திருந்தது. புடைத்த பகுதியை அகற்றி வேறு குழாய் பொருத்தும் முறை அக்காலத்தில் தோன்றவில்லை. எனவே, சுற்றிலும் தழும்புத் திசு வளர்ந்து சுவர் வலுப்பெறும் என்ற நம்பிக்கையில், செலோபேன் தாளால் அப்புடைப்பைச் சுற்றிவைத்தார் நிசன். ஐன்ஸ்டைன் அதன் பின்னர் 6 ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார். 1955 ஏப்ரலில் அந்தப் புடைப்பு கிழிந்தது. மீண்டும் அறுவை செய்துகொள்ள அவர் உடன்படவில்லை. ஏப்ரல் 18ஆம் நாள், தம் 76ஆம் வயதில், பிரின்ஸ்டன் நகரில் காலமானார். அவர் நெடுங்காலம் புகைக்குழாய் பிடித்தவர் என்பதும் இங்கு நினைக்கத்தக்கது.

ஐன்ஸ்டைன் மறுத்தார் என்பதை எடுத்துக்காட்டி, 'முதுமையில் அறுவை எதற்கு?' என்று இன்று வினவுவோர் உண்டு. அவர் மறுத்த ஆண்டை நாம் மறத்தல் கூடாது. புடைத்த பெருந்தமனியை நீக்கிக் கொடையாகப் பெற்ற தமனியை அவ்விடத்தில் பொருத்தும் அறுவையைப் பாரிசில் சார்ல் துபோஸ்த் 1951இல்தான் செய்துகாட்டினார். 1955இல் அக்கலை நான்கு வயதுக் குழந்தை. அதன் பின்னர்ச் செயற்கை இழைக் குழாய்கள் வந்தன. 1990இல் அர்ஜென்டினாவின் புவனஸ் அயர்ஸ் நகரில் உவான் பரோடி, வயிற்றைத் திறவாமல், தொடை வழியே ஸ்டென்டுடன் கூடிய குழாயைச் செலுத்திப் புடைப்பினுள் பொருத்தினார். ஒவ்வொருவரும் தம் காலத்து வாய்ப்புகளையும் தம் உடல்நிலையையும் எடைபோட்டே முடிவெடுத்தல் வேண்டும்; பிறர் காலத்து முடிவு நமக்கு அளவுகோல் ஆகாது.

எப்பொழுது அறுவை வேண்டும்?

சிறு புடைப்பு ஒன்று கண்டறியப்பட்டவுடன் அறுவை செய்வது நன்றா, காத்திருந்து கண்காணிப்பது நன்றா? குடும்பங்களைக் கலங்கச் செய்யும் வினா இதுவே. இதற்கு விடை காண இரு பெரும் ஆய்வுகள் நடந்தன. பிரித்தானியாவில் 1991 முதல் 1995 வரை, 4.0 முதல் 5.5 சென்டிமீட்டர் வரை வீக்கம் உடைய 1,090 பேர் ஓர் ஆய்வில் சேர்க்கப்பட்டனர். அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவமனைகளில் 1,136 பேர் இன்னோர் ஆய்வில் சேர்க்கப்பட்டனர். இரண்டிலும் ஒரு பிரிவினர்க்கு உடனே அறுவை செய்யப்பட்டது. மற்றப் பிரிவினர் ஸ்கேன் வழியாகக் கண்காணிக்கப்பட்டனர். முடிவு இரண்டிலும் ஒன்றே: உடனே அறுவை செய்ததனால் வாழ்நாள் கூடவில்லை. பிரித்தானிய ஆய்வில் முன்கூட்டியே அறுவை செய்துகொண்டோரில் 5.8 விழுக்காட்டினர் 30 நாட்களுக்குள் உயிரிழந்தனர் என்பதும் தெரியவந்தது.

ஆகவே ஆண்களுக்கு 5.5 சென்டிமீட்டர் வரை காத்திருக்கலாம் என்பது உலக வழக்காயிற்று. பெண்களுக்கு இந்நோய் குறைவாகவே வருகின்றது. ஆயினும் வந்துவிட்டால் இடர் மிகுதி. ஒரே அளவுள்ள வீக்கம் ஆண்களைவிடப் பெண்களுக்குக் கிழியும் வாய்ப்பு ஏறத்தாழ நான்கு மடங்கு என்பது பல ஆய்வுகளைத் தொகுத்து நோக்கியதில் புலனாயிற்று. எனவே பெண்களுக்கு 5 சென்டிமீட்டர் அளவிலேயே அறுவையைப் பற்றி எண்ணுகின்றனர். வீக்கம் விரைந்து வளர்ந்தாலோ வலி தந்தாலோ, அளவு சிறிதாயினும் மருத்துவர் வேறு முடிவு எடுப்பர்.

அறுவையில் இருவழிகள் உள்ளன. வயிற்றைத் திறந்து செய்வது ஒன்று. தொடை வழியே ஸ்டென்ட் குழாய் செலுத்துவது மற்றொன்று. பிரித்தானியாவில் 1,082 பேரிடம் இவ்விரண்டையும் ஒப்பிட்டு ஆராய்ந்தனர். 30 நாட்களுக்குள் இறந்தோர், திறந்த அறுவையில் 4.7 விழுக்காடு, ஸ்டென்ட் முறையில் 1.7 விழுக்காடு. இவ்வளவோடு நிறுத்திக்கொண்டால் ஸ்டென்ட் முறையே சிறந்தது என்று எவரும் முடிவு கட்டிவிடுவர். ஆய்வாளர்கள் நிறுத்தவில்லை, அதே நோயாளிகளை 15 ஆண்டுக்காலம் பின்தொடர்ந்தனர். தொடக்கத்து நன்மை சில ஆண்டுகளில் மறைந்தது. எட்டாண்டுகளுக்குப் பின்னர், திறந்த அறுவை செய்துகொண்டோரே மிகுதியாகப் பிழைத்திருந்தனர். ஸ்டென்டின் ஓரத்தில் குருதி கசிந்து பழைய புடைப்பு மீண்டும் விரிந்து கிழிந்தமை இதற்குக் காரணங்களுள் ஒன்று.

ஒரு பொருளைப் பல கோணங்களிலிருந்து நோக்கினாலன்றி உண்மை முழுமையாகப் புலப்படாது என்பது அநேகாந்தம் புகட்டும் பாடம். முப்பது நாள் கணக்கும் பதினைந்தாண்டுக் கணக்கும் இரண்டும் மெய்யே. எண்பது வயதைக் கடந்து இதயமும் நுரையீரலும் தளர்ந்தவருக்கு முதற்கணக்கு முதன்மையானது. அறுபத்தைந்து வயதில் திடமாக உள்ளவருக்கு இரண்டாவது கணக்கு முதன்மையானது. ஸ்டென்ட் பொருத்திக்கொண்டவர் ஆயுள் முழுதும் குறித்த காலத்தில் ஸ்கேன் செய்துகொள்ள வேண்டும். பிள்ளைகள் அயல்நாட்டில் வாழ, பெற்றோர் அடையாற்றிலோ மயிலாப்பூரிலோ தனித்து வாழும் வீடுகளில், 'ஆண்டுதோறும் அழைத்துச் செல்பவர் யார்?' என்னும் வினாவும் மருத்துவ வினாவே ஆகும்.

அறுவையையே தாங்கவியலாத அளவு உடல் நலிந்தோரிடமும் ஸ்டென்ட் முறையை ஆராய்ந்தனர். அவர்களுடைய மொத்த வாழ்நாள் அதனால் நீளவில்லை. ஆதலின், எதுவும் செய்யாது இருத்தலும் சிலருக்கு முறையான மருத்துவ முடிவே ஆகும். அதனைப் புறக்கணிப்பு என்று உற்றார் பழித்தல் தகாது.

எல்லோரும் ஸ்கேன் செய்துகொள்ள வேண்டுமா?

அறிகுறி இல்லாத நோயைத் தேடிக் கண்டறியும் முயற்சியில் தலையாயது, பிரித்தானியாவில் 65 முதல் 74 வயது வரையுள்ள 67,800 ஆண்களிடம் நடந்த ஆய்வு. பாதிப்பேர் அல்ட்ராசவுண்ட் ஸ்கேனுக்கு அழைக்கப்பட்டனர்; மற்றப் பாதியினர் அழைக்கப்படவில்லை. நான்கு ஆண்டுகளில் இந்நோயால் இறந்தவர்கள், அழைக்கப்பட்டோரில் 65 பேர். அழைக்கப்படாதோரில் 113 பேர். இறப்பு 42 விழுக்காடு குறைந்தது என 2002இல் வெளியிட்டனர். இதன் பயனாக இங்கிலாந்தில் 2009இல் தேசியத் திட்டம் ஒன்று தொடங்கி, 65 வயது நிறையும் ஆண்கள் அனைவரும் ஸ்கேனுக்கு அழைக்கப்படுகின்றனர்.

இந்த எண்களையும் நிதானமாக நோக்குதல் வேண்டும். 42 விழுக்காடு என்பது பெரிய எண். எனினும் ஏறத்தாழ 34,000 பேரை அழைத்ததில் நான்காண்டுகளில் காக்கப்பட்ட உயிர்கள் 48. அங்கே ஸ்கேன் செய்தவர்களில் நூற்றுக்கு ஐவருக்கு வீக்கம் இருந்தது. நோய் அரிதாக உள்ள மக்களிடம் இதே முயற்சியை மேற்கொண்டால், காக்கப்படும் உயிர்கள் குறையும். வீண் அச்சமோ பெருகும். இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் தெற்காசிய மக்கள் பெருந்தொகையாய் வாழ்கின்றனர். அங்கு நடந்த ஆய்வில், வெள்ளையரைக் காட்டிலும் ஆசிய ஆண்களிடம் இந்நோய் பன்மடங்கு குறைவாக இருந்தது. எனவே சென்னையில் வாழும் முதியோர் அனைவரும் இதற்கென ஸ்கேன் செய்துகொள்ள வேண்டும் என்று கூற இன்றைய சான்றுகள் இடந்தரவில்லை.

அதனால் இந்நோய் நம்மிடம் இல்லை என்பதும் பொருளன்று. மேலைநாடுகளில் முதியோர் நோயாக உள்ள இது, இந்தியாவில் சில வேளைகளில் இளையோர்க்கும் வருகின்றது. தமனிச் சுவரில் அழற்சியை உண்டாக்கும் தகயாசு நோயும், காசநோய் முதலிய தொற்றுகளும் அதற்குக் காரணமாகின்றன.

தியாகராய நகரில் நடந்த ஆய்வு

குருதிக்குழாய் நோய்களைப் பற்றி நம் நகரத்திலேயே சிறந்த ஆய்வொன்று நடந்துள்ளது. 1996ஆம் ஆண்டளவில் சென்னை நீரிழிவு ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த மருத்துவர் வி. மோகன் குழுவினர், திருமங்கலத்தின் ஏசியாட் குடியிருப்பிலும் தியாகராய நகரின் பாரதி நகரிலும் வீடுவீடாகச் சென்று 1,262 பேரை ஆராய்ந்தனர். முன்னது நடுத்தர வருவாயினர் வாழும் இடம். பின்னது குறைந்த வருவாயினர் வாழும் இடம். நூற்றுக்கு 11 பேருக்கு இதயத் தமனி நோய் இருந்தது. அவர்களுள் ஒரு பகுதியினரின் கால்களில் குருதி ஓட்டத்தை அளந்தபோது, 3.2 விழுக்காட்டினர்க்குக் கால் தமனிகளில் அடைப்பு இருந்தது. நீரிழிவு உள்ளோரிடம் இது 6.3 விழுக்காடு, இல்லாதோரிடம் 2.7 விழுக்காடு.

இங்கே வியப்பான உண்மை ஒன்று உண்டு. இதயத் தமனியையும் கால் தமனியையும் கெடுக்கும் நீரிழிவு, வயிற்றுப் பெருந்தமனி வீக்கத்தை மிகுவிப்பதில்லை. நீரிழிவு உள்ளோரிடம் இவ்வீக்கம் குறைவாகவே காணப்படுகின்றது, வளர்வதும் மெதுவாகவே என்று பல நாட்டு ஆய்வுகள் காட்டியுள்ளன. இதனைக் கேட்டு நீரிழிவைப் பொருட்படுத்தாமல் விடுவது பேதைமை. அதனால் வரும் மாரடைப்பும் கால் இழப்பும் சென்னையில் மிகமிகப் பெரிய துன்பங்கள்.

ஏசியாட் குடியிருப்பில் அதன் பின் நடந்ததே பெரிதும் போற்றத்தக்கது. தம் உடல்நிலை பற்றிய முடிவுகளை அறிந்த மக்கள், தாமே பொருள் திரட்டிக் குடியிருப்பினுள் நடைப்பயிற்சிக்கென ஒரு பூங்காவை அமைத்தனர். அங்கு உடற்பயிற்சி செய்வோர் 14.2 விழுக்காட்டிலிருந்து 58.7 விழுக்காடாக உயர்ந்தனர். ஆய்வின் முடிவு ஏட்டில் உறங்காமல், மக்கள் நடக்கும் பாதையாக மாறியதற்கு இது நல்ல சான்று.

புகையிலையும் பிற காரணங்களும்

வயிற்றுப் பெருந்தமனி வீக்கத்திற்குக் காரணங்கள் பல: ஆணாய்ப் பிறத்தல், முதுமை, உயர் குருதியழுத்தம், குடும்ப வழி. பெற்றோர்க்கோ உடன்பிறந்தார்க்கோ இருந்தால், வாய்ப்பு ஏறத்தாழ இருமடங்காகின்றது. மாற்றிக்கொள்ளக்கூடிய காரணங்களுள் தலையாயது புகைபிடித்தல். வீக்கம் உடையவர் தொடர்ந்து புகைத்தால் அது விரைந்து வளரும். கிழியும் வாய்ப்பும் இருமடங்காகும். சுவீடன் நாட்டில் புகைப்போர் தொகை குறைந்த பின், 65 வயது ஆண்களிடம் இந்நோய் 1.7 விழுக்காடாகத் தாழ்ந்தது. எந்த அறுவை மருத்துவராலும் இவ்வளவு பேரைக் காக்க இயலாது.

புலாலும் கள்ளும் தவிர்த்தலை விரதமாகக் கொண்ட குடும்பங்களில் புகையிலையும் அப்பட்டியலில் இடம்பெறுதல் வேண்டும். 'நாம் சைவ உணவு உண்போர், குருதிக்குழாய் நோய் நம்மை அணுகாது' என்னும் எண்ணமும் களையத்தக்கது. ஊறுகாய், அப்பளம், வடகம் வழியாக உப்பு மிகுந்தால் குருதியழுத்தம் உயர்வதைச் சைவ உணவு தடுக்காது.

வீக்கத்தைச் சுருக்கும் மாத்திரை எதுவும் இன்றுவரை இல்லை. டாக்சிசைக்ளின் என்னும் மருந்தின் மீது நம்பிக்கை வைத்து அமெரிக்காவில் நடந்த ஆய்வு, அதனால் பயனில்லை என்று 2020இல் முடிந்தது. மாறாக, சிப்ரோஃப்ளாக்சசின், லீவோஃப்ளாக்சசின் போன்ற நுண்ணுயிர்க்கொல்லிகள் பெருந்தமனி வீக்கம் உடையோர்க்குத் தீங்கு செய்யக்கூடும் என அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2018 டிசம்பரில் எச்சரித்தது. காய்ச்சலுக்கோ வயிற்றுப்போக்கிற்கோ மருந்துக்கடையில் தாமே கேட்டு வாங்கி விழுங்கும் பழக்கம் உடையோர் இதனை மனத்தில் இருத்துதல் நன்று.

குடும்பங்கள் செய்யத்தக்கவை

எழுபது வயதைக் கடந்த பெரியவர் ஒருவருக்கு, வேறு காரணத்திற்காக எடுத்த வயிற்று ஸ்கேனில், பெருந்தமனி 4.2 சென்டிமீட்டர் என்று குறிப்பு வந்ததாகக் கொள்வோம். ஒரு மகன் உடனே அறுவை என்பான். மகள் அப்பாவிடம் சொல்லவே வேண்டாம் என்பாள். இரண்டும் தவறு. 4.4 சென்டிமீட்டர் வரை ஆண்டுக்கு ஒருமுறையும், 4.5 முதல் 5.4 வரை மூன்று திங்களுக்கு ஒருமுறையும் ஸ்கேன் செய்வது இங்கிலாந்தின் நடைமுறை. பெரும்பாலான சிறு வீக்கங்கள் ஆண்டுக்கு இரண்டு மூன்று மில்லிமீட்டர் அளவே வளர்கின்றன. எனவே எண்ணிப் பார்க்கக் காலம் உண்டு. அந்தக் காலத்தில் முடிவெடுக்கும் உரிமை நோயாளிக்கே உரியது. அவரிடம் மறைத்தால், அவர் புகைப்பதை நிறுத்தவும் மாட்டார், திடீர் வலியின் பொருளை அறியவும் மாட்டார். வாய்மை விரதத்திற்கு மருத்துவமனை வாயிலில் விலக்கு இல்லை. அன்போடு, நிதானமாகச் சொல்லுதல் வேண்டும்.

65 வயதைக் கடந்த ஆண்களுள் என்றேனும் புகைத்தவர்களும், நெருங்கிய உறவினர்க்கு இந்நோய் இருந்தவர்களும் மருத்துவரிடம் கேட்டு ஒருமுறை ஸ்கேன் செய்துகொள்வது தக்கது. சில நிமிடங்களில் முடியும் ஸ்கேன் அது, ஊசியில்லை, வலியில்லை. முழு உடற் பரிசோதனைக்குச் செல்வோர், வயிற்று ஸ்கேன் அறிக்கையில் பெருந்தமனியின் குறுக்களவையும் எழுதித் தருமாறு கேட்கலாம். பழைய அறிக்கைகளைக் களையாமல் வைத்திருந்தால் வளர்ச்சியைக் கணிக்க உதவும்.

தசலட்சண நாட்களில் உபவாசம் இருக்கும் முதியோர் பலர், உணவோடு சேர்த்துக் குருதியழுத்த மாத்திரையையும் நிறுத்திவிடுவர். விரதம் தொடங்குமுன் மருத்துவரிடம் கலந்து, எந்த மாத்திரையை எவ்வாறு மாற்றிக்கொள்வது என்று அறிதல் வேண்டும்.

வீக்கம் உள்ளது என அறியப்பட்டவர்க்கு வயிற்றிலோ முதுகிலோ திடீர் வலி வந்தால், வீட்டு வைத்தியத்திற்கு அங்கே இடமில்லை. 108க்கு அழைத்து, குருதிக்குழாய் அறுவை வசதியுள்ள மருத்துவமனைக்கே நேராகச் செல்ல வேண்டும். சென்றவுடன் 'பெருந்தமனி வீக்கம் உள்ளவர்' என்று முதற்சொல்லாகக் கூற வேண்டும். சென்னை அரசு பொது மருத்துவமனையில் இதற்கெனத் தனித்துறை உண்டு. கிழிந்த பின் மருத்துவமனையை அடைந்து சிகிச்சை பெற்றோரிலும் மூவரில் ஒருவர்க்கு மேல் 30 நாட்களுக்குள் இறந்தனர் என்பது 613 பேரை ஆராய்ந்த பிரித்தானிய ஆய்வின் முடிவு. அங்கே ஒவ்வொரு நிமிடமும் உயிரின் விலையுடையது.

வந்தவாசி, செஞ்சி, திண்டிவனம், ஆரணி வட்டாரச் சிற்றூர்களிலிருந்து சென்னைக்கு வந்து குடியேறிய குடும்பங்கள் பல. பிள்ளைகள் இங்கே ஸ்கேன் நிலையங்களுக்கு நடுவே வாழ, பெற்றோர் ஊரிலேயே இருக்கின்றனர். சமூக அறக்கட்டளைகள் நடத்தும் மருத்துவ முகாம்களில், சர்க்கரை, குருதியழுத்தம் ஆகியவற்றோடு, 'என்றேனும் புகைத்ததுண்டா? குடும்பத்தில் எவர்க்கேனும் தமனி வீக்கம் இருந்ததா?' என்னும் இரு வினாக்களையும் சேர்த்துக் கேட்கலாம். விடை 'ஆம்' எனில், அம்முதியவரைச் சென்னைக்கு அழைத்துவந்து ஒரு ஸ்கேன் செய்விக்கும் பொறுப்பை இளைஞர் ஒருவர் ஏற்கலாம். அதற்குப் பெரும்பொருள் வேண்டாம். ஒரு நாட்பொழுது போதும். ஔடத தானத்தின் இன்றைய வடிவங்களுள் அதுவும் ஒன்று.

அனைவரும் நலமுடன் நெடிது வாழ்க! அறம் ஓங்குக!